‘பாம்பே பிஸ்கட்’டுக்கு என் மகள் கொடுத்த குரல்

1

என் மகள் இதுவரை தமிழில் பேசியதிலேயே மிக நீளமான பேச்சு, ஒரு சூதாட்டத்துக்கான மதிப்புரை. எழுதிக் கொடுத்தவன் நான்.

மும்பையிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் வழக்கமாக மழையைப் பற்றி எழுதுவார்கள். ரயில் நெரிசலைப் பற்றி எழுதுவார்கள். மாட்டுங்காவில் கிடைக்கும் காப்பி உங்கள் ஊர்க் காப்பியைவிட நன்றாக இருக்கிறது என்று எழுதி உங்களைக் கடுப்பேற்றுவார்கள். நானும் மூன்றையும் செய்தவன்தான். இந்தத் தடவை முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள்.

மகளின் பெயர் யாழினி. செம்பூர்ப் பக்கம் திலக் நகரில் குடியிருந்துகொண்டு பெண்ணுக்கு யாழினி என்று பெயர் வைக்கிறவனுக்குத் தமிழ்ப்பற்று அதிகம், முன்யோசனை குறைவு. பிறப்புச் சான்றிதழில் அவள் யாஜினி. பள்ளிக்கூடத்தில் யாலினி. ஆதார் அட்டையில் யாசினி. இந்த மூன்று பெண்களும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்க நான் ஏறாத அலுவலகம் இல்லை. கடைசியில் வார்டு ஆபீஸில் ஒரு குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று மராத்தியில் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உண்மையான அக்கறையோடு கேட்டார். கல்லூரியில் அவளை யாஷ் என்கிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

வீட்டில் தமிழ் பேசினால் அவளுக்குப் புரியும். பதில் இந்தியில் வரும். “சாப்பிட்டியாம்மா?” என்றால் “ஹோ கயா”, ஆயிற்றாம். “மழை வரும், குடை எடுத்துக்கோ” என்றால் “ஹை நா பேக் மே”, பையில் இருக்கிறதாம். தமிழ் படிக்க வராது. கடைப்பலகையைப் படம் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். இதற்கு என் மனைவி ராஜியைக் குறை சொல்ல முடியாது. அவள் வடாலாவில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நாளிதழை எழுத்துக்கூட்டிப் படித்து அர்த்தம் என்னிடம் கேட்பாள். புத்தகங்கள் நிரம்பிய அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, நாளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம், நாளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று பெண் கல்லூரிக்குப் போகிறவரை தள்ளிப்போட்டவன் நான்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் இதற்கான வட்டி வசூலாகும். தென்காசியில் என் அக்கா கோமதி. அவள் யாழினியின் கன்னத்தை வழித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொல்வாள்: “ஏல, மூக்கும் முழியும் நம்ம அம்மயாட்டம் இருக்கு. வாயத் தொறந்தா வடக்கத்திக்காரியா இருக்கா. பம்பாய்ல குழாத் தண்ணி சரியில்லையோ?”

யாழினிக்கு இது முழுவதும் புரியும். சிரித்துக்கொண்டு நிற்பாள். ரயில் தென்காசியைத் தாண்டிய பிறகு, “அத்தை டாண்ட்தீ பஹுத் ஹை,” என்பாள், அத்தை ரொம்பத் திட்டுகிறாளாம். திட்டு வாங்கியது நான் என்று சொல்ல மாட்டேன்.

2

நான் மொழிபெயர்ப்பாளன். ‘இயந்திரத்துக்குள் குழந்தைகளையோ வளர்ப்புப் பிராணிகளையோ வைக்காதீர்கள்’ என்று சலவை இயந்திரக் கையேட்டில் தமிழில் படித்திருக்கிறீர்களா? அது நானாக இருக்கலாம். மருந்துச் சீட்டு, காப்பீட்டு நிபந்தனை, சிறிய எழுத்தில் வரும் முதலீட்டு எச்சரிக்கை எல்லாம் செய்திருக்கிறேன். என் வாழ்க்கையின் பெரும்பகுதி மக்களைக் கவனமாக இருக்கச் சொல்வதிலேயே கழிந்தது.

பிறகு கம்ப்யூட்டரே மொழிபெயர்க்க ஆரம்பித்தது. அது என்னைவிட மோசமாகச் செய்தது, ஆனால் டீ கேட்கவில்லை. வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. மிஞ்சியது ரோஹன்.

ரோஹன் அந்தேரியில் ஓர் அலுவலகத்தில் இருக்கும் பையன். என்னை அங்கிள் என்பான். அவனுக்கு வேண்டியது மொழிபெயர்ப்பு இல்லை. “அங்கிள், ஃபீல் சாஹியே. காவ் கா ஆத்மி படே தோ லகே, அப்னா ஆத்மி போல் ரஹா ஹை.” ஊர்க்காரன் படித்தால் நம்ம ஆள் சொல்கிறான் என்று தோன்ற வேண்டுமாம். படிக்க வேண்டியது ஆன்லைன் ஸ்லாட் விளையாட்டுகளின் மதிப்புரை.

தெரியாத பாக்கியவான்களுக்காக: திரையில் சில படங்கள் சுழலும். நீங்கள் பணம் கட்டிப் பொத்தானைத் தொடுவீர்கள். ஒரே படம் வரிசையாக வந்து நின்றால் பணம். நிற்காவிட்டால் இன்னொரு தடவை தொடுவீர்கள். திறமை, யோசனை, அனுபவம் எதற்கும் இதில் இடமில்லை. அந்த வகையில் மும்பை வாழ்க்கைக்கு நெருக்கமானது. நடத்துகிறவர்களின் முகவரி ஏதோ ஒரு தீவு. இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் கவனமாக இருந்தேன்.

எனக்கு வந்த விளையாட்டின் பெயர் ‘பாம்பே பிஸ்கட்’. தங்க பிஸ்கட். எழுபதுகளின் கடத்தல்கார பம்பாய். கறுப்பு மஞ்சள் டாக்ஸி, சுழற்றும் டெலிபோன், பெட்டி நிறையப் பணம், நீள சிகரெட்டோடு ஒரு பெண், பெல்பாட்டம் போட்ட அடியாள். பின்னணியில் மழை பெய்து ஈரமான ஒரு சந்து. பார்த்தவுடன் தாராவி என்று புரியும். சந்தில் ஒரு டீக்கடை. அதன் பலகையில் தமிழ் எழுத்துகள், எந்தச் சொல்லும் ஆகாமல், குழந்தை கொட்டிய பல்லாங்குழி முத்துகள்போல. எல்லாருக்கும் மேலே தாதா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கறுப்புக் கண்ணாடி. அதாவது நாம்.

ஜெயித்தால் தாதா சிரிக்கிறார், டாக்ஸியின் விளக்குகள் எரிகின்றன. தோற்றால் ஒன்றும் ஆவதில்லை. தூரத்தில் ஒரு போலீஸ் விசில் கேட்டுத் தேய்கிறது, அவ்வளவுதான். இதைச் செய்தவனை நான் மனதுக்குள் பாராட்டினேன். தோற்றவனுக்குத் தோற்றதாகவே தெரியாது. தப்பித்த மாதிரி இருக்கும்.

மதிப்புரையில் ‘கைகொடுக்கும் குறிப்புகள்’ என்று ஒரு பகுதி கட்டாயம். குருட்டு அதிர்ஷ்டத்துக்கு என்ன குறிப்பு கொடுப்பது என்று கேட்டேன். “குச் பீ அங்கிள், மஜா ஆனா சாஹியே,” என்றான் ரோஹன், எதுவானாலும் சரி, படிக்க ஜாலியாக இருந்தால் போதுமாம். ஆகவே எழுதினேன்: ‘டாக்ஸி அடுத்தடுத்து இரண்டு முறை தலைகாட்டி நிற்காமல் போனால் மனம் தளராதீர்கள், பந்தயத்தை ஏற்றுங்கள். பம்பாயில் முதல் டாக்ஸி நிற்காது, இரண்டாவதும் நிற்காது. மூன்றாவது டாக்ஸிதான் நிற்கும்.’

எழுதியதும் எனக்கே பிடித்துப்போயிற்று. சலவை இயந்திரக் கையேட்டில் இப்படியெல்லாம் எழுத விடமாட்டார்கள். நாலரை நட்சத்திரம் கொடுத்தேன். அரை நட்சத்திரத்தை மனசாட்சிக்காகக் குறைத்துக்கொண்டேன்.

3

இரண்டு வாரம் கழித்து ரோஹன், இதையே குரலாகவும் வேண்டும் என்றான். இளம்பெண் குரல், சுத்தமான தமிழ். யாராவது தெரியுமா அங்கிள்?

யாழினிக்கு அப்போது கல்லூரி விடுமுறை. “நான் பண்றேனே. ஆனா படிக்க வராதே,” என்றாள். இதைத் தமிழிலேயே சொன்னாள், அதனால் நினைவிருக்கிறது.

வழி ஒன்று இருந்தது. மும்பையில் பல தமிழ் வீடுகளில் இருக்கும் வழிதான். குழந்தைகளுக்கு ஸ்லோகமும் பாட்டும் இந்தி எழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள். நான் மதிப்புரையை அப்படி எழுதினேன். தமிழில் ஒரே ‘க’ போட்டுவிட்டு எப்படிச் சொல்வது என்பதை நம் தலையில் கட்டிவிடுவார்கள். இந்தியில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து. அதனால் அவளுக்குக் குழப்பமே இல்லை. ழகரம் மட்டும் இடித்தது. மராத்தி ‘ள’வுக்குக் கீழே புள்ளி வைத்துக் கொடுத்தேன்.

“இது ‘ள’தானே? கீழ ஏன் டாட்?”

“நாக்கை இன்னும் கொஞ்சம் உள்ள மடிக்கணும்மா.”

“மேரீ ஜீப் க்யா டவல் ஹை, மடிச்சு மடிச்சு வைக்க?” ஜீப் என்றால் நாக்கு.

‘மழை ஓய்ந்த பழைய பம்பாயின் சந்துகளில் அதிர்ஷ்டம் சுழல்கிறது’ என்பது முதல் வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாரம். சாப்பாட்டு மேஜைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்து மழை, பழைய, சுழல் என்று சொல்லிக்கொண்டிருப்போம். ராஜி கடந்து போகும்போது, “ரெண்டு பேரும் வாய் கொப்பளிக்கிறீங்களா?” என்பாள். பத்தாவது நாளோ என்னவோ, சமையலறையில் தண்ணீர் எடுக்கப் போன யாழினி அங்கிருந்தே சாதாரணமாக “மழை” என்றாள். திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே மழை, பருவத்துக்கு முந்திய கோடை மழை.  தகப்பனாக அந்த இரண்டு வாரங்களைப்போல நான் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. அதுதான் இந்தக் கதையில் மிக மோசமான பகுதி.

நடுவில் ஒரு நாள் அவள் தாளைக் கீழே வைத்தாள்.

“அப்பா, இதுல பைசா போடணுமா?”

“வேணுங்கறவங்க போடுவாங்கம்மா. நீ ‘மூன்றாவது’ இன்னொரு தரம் சொல்லு.”

“மூன்றாவது,” என்றாள். மேற்கொண்டு கேட்கவில்லை. அப்பா எழுதியதாயிற்றே.

ஹார்பர் லைன் ரயிலின் சத்தம் விழாமலிருக்க ஜன்னல்களைச் சாத்தி, மே மாதத்தில் தலையோடு பஞ்சு வைத்த ரஜாயைப் போர்த்திக்கொண்டு பதிவு செய்தாள். வியர்த்து வெளியே வந்து, “கைஸா தா, எப்படி?” என்றாள். குற்றம் கண்டுபிடிக்க ஒரு எழுத்துகூட இல்லை.

4

அந்தப் பதிவை ரோஹனுக்கு அனுப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. காலை வணக்கம், கோயில் அலங்காரம், யாரோ ஒருவருடைய ஸ்கேன் ரிப்போர்ட். அதில் போட்டேன். ‘நம்ம யாழினி பேசுகிறாள்’ என்று மட்டும் மேலே எழுதினேன். இத்தனை வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு ஒரு பதில். வேறு எந்த யோசனையும் எனக்கு வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

குழு குலுங்கியது. சித்தப்பா கை கூப்பினார். கோபர்கைரனேயில் இருக்கும் மச்சினன், தன் பிள்ளைகளுக்குப் போட்டுக் கேட்கவைத்ததாக எழுதினான். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான பெரியப்பா, ழகரம் அப்பழுக்கில்லை என்று சான்றளித்தார். அக்கா போனிலேயே அழுதாள். “ரேடியோவுல பேசுதவ மாதிரில்லா இருக்கு. எட்டி ராசாத்தி.” அவளுக்குக் கண்ணில் புரை. எழுத்து தெரியாது, முகமே மங்கல்தான். அதனால் அவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாள்.

அத்தனை பேரும் முழுவதும் கேட்டார்கள். பிள்ளை என்ன சொல்கிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஒருவரைத் தவிர. அவர் என் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர்.

5

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஊருக்குப் போனால் முதல் கேள்வி, “மாப்ள, இப்பம் அங்க பெரிய ஆளு யாரு?”

ஊரில் நம்மவர்களுக்கு பம்பாய் என்றால் தாதா. நான் இந்த நகரத்தில் நேரில் கண்ட ஒரே குற்றம், மாட்டுங்கா கோயில் வாசலில் என் செருப்பு காணாமல்போனது. அதைச் சொன்னால் அத்தானின் முகம் வாடிவிடும். எனவே எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு ‘மாடி அண்ணாச்சி’யைக் குடிவைத்தேன். ஒரு காலத்தில் துறைமுகமே அவர் கையில், இப்போது வெளியே வருவதில்லை, அவர் இருமினால் தெருவே அடங்கும். நிஜத்தில் மூன்றாவது மாடியில் இருப்பவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். இருமுவது மட்டும் உண்மை. ஒவ்வொரு வருஷமும் அண்ணாச்சியின் கதையில் ஓர் அத்தியாயம் கூடும். அத்தான் டீயை ஆறவிட்டுக் கேட்பார்.

புரட்டாசியில் அக்கா பகலில் கூப்பிட்டாள். பகலில் கூப்பிட மாட்டாள்.

“தம்பி, ஒங்கத்தான் வீட்ட விட்டு எறங்க மாட்டேங்காரு.”

“நல்லதுதானக்கா. வெயில்ல அலையாம.”

“நானும் அப்படித்தாம்ல நெனச்சேன். எந்நேரமும் போனுங்கையுமா இருக்காரு. பிள்ள சொன்ன வெளயாட்டுங்காரு. ஏதோ டாக்சி வரணும்ங்காரு. கண் ஆப்பரேசனுக்கு நாள் வாங்கி வச்சிருந்துதுல்லா? அடுத்த மாசம் பாப்போம்னுட்டாரு. அடுத்த மாசமும் அதயேதான் சொல்லுதாரு.”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“பென்சன் வந்தா வந்த வேகத்துல காணல. நான் அவர ஒண்ணும் சொல்லலப்பா. பிள்ள சொன்னதுதான, தப்பா இருக்காதுன்னு இருந்துட்டேன். அப்படித்தான தம்பி?”

எவ்வளவு போயிற்று என்று அவள் சொல்லவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. வலது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது என்றாள். மோர்க்குழம்புக்கு உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள்.

ரோஹன் எனக்கும் யாழினிக்குமாகக் கொடுத்த பணத்தை, அக்கா கண்ணுக்கு ஆகட்டும் என்று அன்றைக்கே அனுப்பினேன். நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். அக்காவுக்குத் தனியாக வங்கிக் கணக்கு கிடையாது, நான் அனுப்பியது அத்தானின் கணக்குக்கு என்பது டீ முடியும்போதுதான் உறைத்தது.

6

அத்தானைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். போன் கையில்தானே இருக்கிறது.

“மாப்ள, பணம் வந்து சேந்துது. சரியான நேரத்துக்கு அனுப்புன.”

“அத்தான், அது அக்கா கண்ணுக்கு.”

“கண்ணுக்குத்தாம்ப்பா. எல்லாம் கண்ணுக்குத்தான். டாக்சி ரெண்டு மட்டம் வந்துட்டு. பிள்ள சொன்ன கணக்குக்கு அடுத்தது நிக்கணும்.”

“அந்தக் கணக்கு பொய் அத்தான். நான்தான் எழுதினேன். சும்மா வாய்க்கு வந்தத எழுதினேன். அதுல ஒரு கணக்கும் கெடையாது.”

அவர் சிரித்தார். “ஏன் மாப்ள, ஒங்க வீட்டுல தெரிஞ்சு வையுதாளா?”

“நெசமாத்தான் சொல்லுதேன். தோத்தா விசில் கேக்கும்லா? அது ஏமாத்து வேல. நீங்க தோத்தது ஒங்களுக்கே தெரியாம இருக்கதுக்கு.”

“விசிலா?” கொஞ்சம் யோசித்தார். “வேலைக்குச் சேந்த நாள்லருந்து நான் ஊதுன விசிலுல்லா அது. விசில் கேட்டா வண்டி எடுக்கணும், போய்க்கிட்டே இருக்கணும். அங்க எவனோ ஊதுதான். கை தானாப் போவுது மாப்ள.”

இதை அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. விளையாட்டைச் செய்தவனும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டான். போலீஸ் விசில் என்றால் பயந்து நிற்பவர்களை மனதில் வைத்துச் செய்திருப்பான். விசிலுக்குப் புறப்படுகிற ஒரு மனிதர் தென்காசியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்தத் தீவில் யாருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். நான் எழுதும்போது நினைக்கவில்லை.

“அத்தான், நான் சொல்லுதத நம்புங்க. நான் பொய் சொன்னேன்.”

“நீ சொல்லுவ,” என்றார், ரொம்பப் பிரியமாக. “மாடி அண்ணாச்சின்னு ஒருத்தனும் கெடையாதுன்னு எனக்கு முதல் வருசமே தெரியும். கேக்க நல்லாருக்கேன்னு கேட்டுக்கிடுவேன். நீ சொல்லுவப்பா. பிள்ள சொல்லாது.”

போனை வைத்துவிட்டார். அடுத்த டாக்ஸிக்கு நேரமாகியிருக்கும்.

7

சனிக்கிழமை மத்தியானம் யாழினி கல்லூரியிலிருந்து வந்து வடாபாவ் தின்றுகொண்டிருந்தாள். ராஜி பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். தமிழில் சொல்லத் தொடங்கி, அவளுக்கு ஒரு வார்த்தையும் தப்பக் கூடாது என்று இந்திக்கு மாறினேன். என் இந்தி மோசம். இந்தச் செய்திக்கு அது பொருத்தமாக இருந்தது.

ராஜி அடுப்பை அணைத்தாள். யாழினி தின்பதை நிறுத்தியிருந்தாள்.

“ஆப்கோ பதா தா?”

“தெரியும்.”

“நான் பைசா போடணுமா கேட்டப்போ?”

“அப்பவும் தெரியும்.”

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் தாளில் மிச்சமிருந்த வடாபாவைப் பொட்டலமாக மடித்தாள். “மேரீ ஆவாஸ் மே,” என்றாள். என் குரலில். அவ்வளவுதான்.

பிறகு என் போனை எடுத்தாள். தென்காசி மாமாவோடு பேசப் போகிறேன் என்றாள்.

“எழுதித் தரட்டுமா?” என்று கேட்டேன். பழக்கதோஷம். “அதே மாதிரி, இந்தி எழுத்துல. பத்து நிமிஷத்துல தந்துடறேன்.”

“நக்கோ. ஆப்கா லிகா ஹுவா பஸ் ஹோ கயா.”

நீங்கள் எழுதியது போதும் என்கிறாள். ராஜி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. அத்தான், “சொல்லு மாப்ள,” என்றார்.

“மாமா, நான் யாழினி.”

“எட்டி ராசாத்தி! ஒங்குரலத்தாம்டி தெனமும் கேக்கோம்.”

“மாமா, அந்த டாக்ஸி இருக்குல்ல? அது ஜூட். பொய். மூணாவது டாக்ஸி நிக்காது. அப்பா சும்மா எழுதினான். நான் சும்மா படிச்சான்.”

எழுதினான் என்றாள். படிச்சான் என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பக்கம் பின்னால் அக்கா, யாரது யாரது என்று கேட்பது மட்டும் கேட்டது.

“மாமா, நீங்க அத்தைய ஹாஸ்பிடல் கூட்டிட்டு போ. கண்ணு வெயிட் பண்ணாது. நான் சொன்னதுனால நீங்க இது பண்றீங்க இல்ல, இப்போ நான் சொல்றது, பண்ணாத.”

“நீதானட்டி பேசுத?” என்றார் அத்தான். குரல் மாறியிருந்தது.

“ஆமா மாமா.”

“அன்னைக்குப் பேசுனது?”

“அதும் நான்தான். அது அப்பாவோட பேச்சு.”

“அது எவ்வளவு அழகா இருந்துது. ரெண்டுல எது நெசம்?”

யாழினிக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல் தேடினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

“இதுதான் மாமா. தேக்கோ நா, எவ்ளோ தப்பு தப்பா வருது.”

 பிறகு, “கோமதி, இந்தா, பிள்ள பேசுதா,” என்று போனை அக்காவிடம் கொடுத்துவிட்டார். அன்று அவர் அதைத் திரும்ப வாங்கவில்லை என்று அக்கா சொன்னாள்.

8

இங்கே முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் அத்தான் மறுநாளே போனைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். அக்கா போனை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். அவர் பானையைத் துழாவி அரிசி சிந்தியதும், இருவரும் ஒரு வாரம் பேசாமலிருந்ததும் எனக்குப் பிறகு தெரிந்தது. இப்போது அவரிடம் இருப்பது பட்டன் போன். அதில் எதுவும் சுழலாது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோய் உட்கார்ந்திருக்கிறாராம். அங்கே விசில் கேட்டால் நிஜமாகவே வண்டி கிளம்பும். அக்காவுக்கு இலவச முகாமில் வலது கண் ஆயிற்று. இடது கண் பாக்கி நிற்கிறது.

ரோஹனிடம் பதிவை எடுத்துவிடச் சொன்னேன். “அங்கிள், வஹீ தோ சப்ஸே அச்சா சல் ரஹா ஹை,” என்றான். அதுதான் நன்றாக ஓடுகிறதாம். கெஞ்சினேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றான். பிறகு அந்தப் பதிவு இருந்த இணையதளமே இல்லை. மூடிவிட்டார்கள் என்று இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். மூன்றாவது நாள் வேறு பெயரில், வேறு நிறத்தில் இருந்தது. தாதா அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார். பொத்தானைத் தொட்டால் என் மகள் பேசினாள். அதற்குப் பிறகு ரோஹனின் வேலை எதையும் நான் எடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது. உட்காரவில்லை.

யாழினி என்னோடு இப்போது மறுபடியும் இந்தியில்தான் பேசுகிறாள். சண்டை இல்லை. குடை எடுத்துக்கொண்டாயா என்றால் பதில் வருகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் மத்தியானம் அத்தையைக் கூப்பிடுகிறாள். அது தமிழில். பால்கனிக் கதவில் சாய்ந்துகொண்டு, தடுக்கித் தடுக்கி, இந்தியில் ஊன்றி ஊன்றிப் பேசுகிறாள். அக்கா அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன ஞாயிறு நடந்தது இதுதான். “அத்தை, நீங்க தண்ணி போட்டு கண்ணு கலுவாதீங்க. டாக்டர் சொன்னான்,” என்றாள் யாழினி. கலுவாதீங்க. பேப்பருக்கு மேலே என் தலை தானாக எழும்பியது. வாயும் திறந்தது. அவள் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதுபோலப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டு பேப்பருக்குள் இறங்கினேன்.

அந்தத் தளத்தில் அவளுடைய ழகரம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். அது நான் சொல்லிக் கொடுத்தது.